பெயின்ட்டில் கோடு விழாமல் கார் கழுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கழுவுவது பற்றிப் பேச்சு வந்தாலே "எந்த ஷாம்பு நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஷாம்பு முக்கியம்தான், ஆனால் வரிசையில் அது பின்னால் வருகிறது. பெயின்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மண்ணும், அதைத் தேய்க்கும் நம் கையும்தான். திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து படித்து வந்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

வெறும் தண்ணீரும் துணியும்தானே, அதனால் பெயின்ட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட் ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது கொஞ்சம் கூட. நாம் தொடுவதும் துடைப்பதும் கிளியர் கோட்டை. அதன் கனம் பல கார்களில் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று பெரும்பாலும் அதைவிடத் தடிமனாக இருக்கும்.

மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடியையே கீறிவிடும். கிளியர் கோட் ஒரு வகைப் பிளாஸ்டிக். குவார்ட்ஸுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? துணிக்கு அடியில் மணல்துகள் மாட்டியிருக்க, மேலே கை அழுத்தி இழுத்தால் கோடு விழத்தான் செய்யும். அதனால் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கை படும் முன்பே எவ்வளவு மண் போகிறது? கை பட்டபின் மீதி மண் எங்கே போகிறது? கீழே இருக்கும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டைத்தான் சுற்றி வரும்.

வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது. வட்டமாகத் துடைத்ததால் வந்ததா?

இல்லை. கோடுகள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மினுங்குவதால், விளக்கைச் சுற்றி வட்டமாக இருப்பது போலத் தோன்றுகிறது. இருட்டில் போன் டார்ச்சை பானட்டின் மேல் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வட்டமும் கூடவே நகரும்.

இவை பெரும்பாலும் கிளியர் கோட்டின் மேல்தோலிலேயே நிற்பவை. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் மாட்டாது. நகம் மாட்டுகிற கீறல் வேறு ரகம். அது பாலிஷுக்கு அடங்காத ஆழத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பு, கருநீலக் கார்களில் கோடுகள் பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் அதே அளவு விழுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்கிறேன். கார் பளபளவென்றுதான் இருக்கிறது. இதில் என்ன தப்பு?

நான் பார்த்தவரை கார்களுக்கு அதிகக் கீறல் வருவது இந்தப் பழக்கத்தால்தான். மாதத்துக்கு இரண்டு முறை நன்றாகக் கழுவப்படும் காரைவிட, தினமும் துடைக்கப்படும் கார் சீக்கிரம் மங்குகிறது. காரணம், காய்ந்த தூசி மேல் நேராகத் துணி படுகிறது. அரை வாளித் தண்ணீர், ஒரே துணி. கூரையைத் துடைத்து முடிக்கும்போதே தண்ணீர் பழுப்பாகிவிடும். அந்த வாளியின் அடியில் விரலை விட்டு, படிந்திருப்பதைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறக்கும். அதில் முக்கிய துணியால்தான் அடுத்து கதவுகளைத் துடைக்கிறோம்.

தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் கோடு விழாது. தேய்த்தால்தான் விழும். முறையாகக் கழுவும் நாள் வரும்வரை விட்டுவிடுங்கள். கண்ணாடிகளை மட்டும் தனித் துணியால் துடைத்துக்கொள்ளலாம். விட்டுவைக்கக் கூடாதது பறவை எச்சம் ஒன்றுதான், அது கீழே வருகிறது.

நூல் நூலாகத் தொங்கும் டஸ்டரால் தட்டினால்?

மேலே சொன்ன அதே கதைதான். தண்ணீரின் வழுக்கல் கூட இல்லாததால் இன்னும் மோசம். உள்ளே டேஷ்போர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்போ சரியான முறைதான் என்ன? முதலிலிருந்து சொல்லுங்கள்.

நிழலில் நிறுத்தி, பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடு அடங்கியிருக்க வேண்டும். சூடான தகட்டில் ஷாம்பு கழுவும் முன்பே காய்ந்து திட்டாகிவிடும். முதலில் வீல்கள். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள் அங்கேதான் அடையாக இருக்கும். அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. அவை காரின் உடம்புப் பக்கமே வரக்கூடாது. அப்புறம் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் விட்டு, தளர்ந்து நிற்கும் மண் அத்தனையும் ஓடும்வரை அலசுங்கள். வீல் வளைவு, கதவுகளின் கீழ்ப்பகுதி, பின் பம்பர் மூன்றுக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். இந்த அலசலை அவசரமாக முடிப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், பாதி வேலை இதிலேயே இருக்கிறது.

அடுத்து இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையில் மைக்ரோஃபைபர் கையுறை. ஷாம்பு வாளியில் தோய்த்து, கூரையில் தொடங்குங்கள். கையுறையின் எடையே போதும், அழுத்த வேண்டாம். நேர்க்கோட்டில் இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டு, மறுபடியும் ஷாம்பு வாளிக்கு வாருங்கள். கூரை, கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்கி, கதவின் கீழ்ப்பாதியையும் பம்பர்களையும் கடைசிக்கு வையுங்கள். மண் அதிகமுள்ள இடத்தைத் தொட்ட கையுறை திரும்ப மேலே போகவே கூடாது.

அலசி முடித்ததும், ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் கூரையிலிருந்து மெதுவாக வழியவிடுங்கள். வேக்ஸ் (பெயின்ட்டின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் மெழுகு) இருக்கும் காரில் பெரும்பாலான நீர் தானே திரண்டு ஓடிவிடும். மிச்சத்துக்குப் பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து மேலே போட்டு, மெல்ல ஒற்றி எடுங்கள்.

இரண்டு வாளி எதற்கு? ஒரே வாளியில் அடிக்கடி தண்ணீர் மாற்றினால் போதாதா?

போதும், உண்மையிலேயே அடிக்கடி மாற்றுவீர்கள் என்றால். பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை என்பதால்தான் இரண்டு வாளி. மண்ணை ஒரு வாளியிலேயே சிறைவைத்து, ஷாம்பு வாளிக்குப் போகவிடாமல் செய்வதுதான் நோக்கம். வாளியின் அடியில் போடும் சல்லடைத் தட்டு ஒன்று கிடைக்கிறது. கையுறையை அதில் தேய்த்தால் மண் கீழே இறங்கி, திரும்பக் கலங்காமல் நிற்கும். இருந்தால் நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே ஷாம்பு வாளியில் பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்கு மட்டும் பயன்படுத்தி ஓரமாகப் போட்டுவிடுவது. அழுக்குத் துணி வாளிக்குத் திரும்புவதே இல்லை. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஸ்பாஞ்ச் மெத்தென்றுதானே இருக்கிறது, அது ஆகாதா?

சாதாரண ஸ்பாஞ்சின் முகம் தட்டை. மண் உள்ளே போக இடமில்லாமல், அதற்கும் பெயின்ட்டுக்கும் நடுவிலேயே உருளும். கையுறையின் நீண்ட இழைகளுக்குள் மண் ஏறிக்கொள்ளும். கீறுவது துணியல்ல, அதனடியில் மாட்டும் மண் என்பதால், மெத்தென்று இருப்பது மட்டும் போதாது.

பாத்திரம் கழுவும் லிக்விட் ஊற்றினால் பெயின்ட் போய்விடுமா?

ஒரு தடவையில் போய்விடாது, பயப்பட வேண்டாம். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டவென்றே செய்யப்பட்டது அது. காரின் மேலிருக்கும் வேக்ஸையும் சேர்த்து இளக்கிவிடும். கார் ஷாம்புவில் அழுக்கு எடுப்பதோடு, கையுறை வழுக்கிக்கொண்டு போகவும் சேர்மானம் இருக்கும். கீறலைக் குறைப்பது அந்த வழுக்கல்தான். லேபிளில் பிஎச் நியூட்ரல் (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்டிருந்தால் வாராந்தரக் கழுவலுக்கு ஏற்றது. சொன்ன அளவைவிட அதிகம் ஊற்றினால் அலசுவதுதான் கஷ்டமாகும். துணிக்குப் போடும் சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். கரையாத துகள் நின்றால் அதுவே மண்ணின் வேலையைச் செய்யும்.

பிரஷர் வாஷர் பெயின்ட்டை உரித்துவிடும் என்கிறார்களே?

நல்ல நிலையில் உள்ள தொழிற்சாலைப் பெயின்ட்டை, அகலமாக விரியும் முனையோடு அடித்தால் உரிக்காது. 40 டிகிரி முனை பாதுகாப்பானது, 25 டிகிரி வரை போகலாம். ஊசி மாதிரி ஒரே கோடாகப் பாயும் 0 டிகிரி முனையும் சுழல் முனையும் காருக்கு ஆகாது. குறைந்தது ஓர் அடி தள்ளி நில்லுங்கள். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கல் பட்டுப் பெயர்ந்த இடத்தின் விளிம்பு, மறுபெயின்ட் அடித்த பம்பர், ஸ்டிக்கரின் ஓரம், டயரின் பக்கச்சுவர், கதவு ரப்பர் இவற்றில் மட்டும் இன்னும் தள்ளி நின்று அடியுங்கள். விளிம்புக்குள் தண்ணீர் புகுந்தால் பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்பும். மற்றபடி, கை படாமல் மண்ணை இறக்குவதில் இதைவிடச் சிறந்த கருவி இல்லை.

ஃபோம் அடித்துத் தண்ணீர் விட்டால், தொடாமலேயே சுத்தமாகிவிடுமா?

முழுசாக ஆகாது. நுரை மூன்று நான்கு நிமிடம் நின்று மண்ணை ஊறவைத்து, கணிசமான பகுதியை இறக்கிவிடும். ஆனால் சாலையில் புகையும் எண்ணெயும் கலந்து படியும் மெல்லிய படலம் தேய்க்காமல் போகாது. ஃபோமை, கையுறைக்கு முன்னால் வரும் ஓர் அலசலாக எடுத்துக்கொள்ளுங்கள். காய மட்டும் விடாதீர்கள்.

மாடி வீடு, ஹோஸ் போட வழியில்லை. ஒரு வாளித் தண்ணீர்தான் கொண்டுபோக முடியும். என்ன செய்வது?

உங்களுக்கென்றே இருப்பது ரின்ஸ்லெஸ் வாஷ். ஒரு மூடி திரவத்தை வாளித் தண்ணீரில் கலந்தால் போதும், அலச வேண்டியதில்லை. அதிலுள்ள பாலிமர்கள் அழுக்கைச் சுற்றிக்கொண்டு வழுக்கலைக் கொடுக்கின்றன. அதே கலவையை ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி, கழுவப்போகும் பகுதியில் தாராளமாக அடித்து ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். வாளியில் ஊறிய மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். ஒரு முகம் அழுக்கானால் திருப்பி மடித்து அடுத்த முகம். எட்டு முகமும் முடிந்தால் அந்தத் துணியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்தது. கையோடு உலர்ந்த டவலால் ஒற்றிவிடுங்கள். எட்டுப் பத்து லிட்டரில் ஒரு கார் முடிந்துவிடும்.

வாட்டர்லெஸ் வாஷ் என்பது வேறு. வாளியே இல்லாமல் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது. கழுவி ஒன்றிரண்டு நாள் ஆன காரின் மேல் இருக்கும் மெல்லிய தூசிக்கு மட்டும் சரி. சேறு அப்பியிருந்தால் இரண்டுமே கூடாது. எங்காவது தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிக்கொண்டு வந்த பிறகு ரின்ஸ்லெஸ் செய்யலாம்.

பிரஷ் சுழலும் மெஷின், கையே படாத மெஷின், ஆள் வைத்துக் கழுவும் இடம். மூன்றில் எது பெயின்ட்டுக்கு நல்லது?

பிரஷ் மெஷின் கடைசி. உங்களுக்கு முன் போன பத்துக் காரின் மண்ணும் அந்த இழைகளில் இருக்கும். துணிப் பட்டைகள் தொங்கும் புதிய மெஷின்கள் கொஞ்சம் மென்மை, ஆனால் சிக்கல் அதேதான். கையே படாத மெஷினில் கீறல் பயம் இல்லை. தேய்ப்பதற்குப் பதிலாக அங்கே காரமான ரசாயனம் வேலை செய்கிறது. வேக்ஸ் சீக்கிரம் கரையும், ஃபோம் பற்றிய பதிலில் சொன்ன படலமும் கொஞ்சம் மிஞ்சும். இருந்தாலும் அவசரத்துக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆள் வைத்துக் கழுவுவதால் மட்டும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். போய் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வீலுக்கும் பானட்டுக்கும் ஒரே துணியா? தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அப்படியே தொடர்கிறார்களா? வாளித் தண்ணீர் என்ன நிறம்? இவை நல்லபடியாக இருந்தால் அதுதான் மூன்றிலும் சிறந்தது. இல்லையென்றால் பிரஷ் மெஷினைவிட மோசம். சர்வீஸுக்கு விடும்போதும், வாஷ் வேண்டாம் என்றால் அதை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கழுவும் ஆளிடம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

கழுவிய பிறகு வெள்ளை வெள்ளையாகப் பொட்டு நிற்கிறது. ஷாம்பு சரியில்லையா?

ஷாம்பு அல்ல, தண்ணீர். உப்புத்தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். நீர் ஆவியானதும் அவை வட்டமாகப் படிந்துவிடும். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கும். தண்ணீரை மாற்ற முடியாவிட்டால், காய்வதற்குள் ஒற்றி எடுங்கள், வெயிலில் கழுவாதீர்கள். புதிய பொட்டுகளுக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, குளிர்ந்த தகட்டில் ஓரிரு நிமிடம் துணியோடு வைத்து, உடனே நன்றாக அலசிவிடலாம். அதற்கும் போகாதது பாலிஷுக்குத்தான் போகும்.

மழையில் நனைந்த காரை அப்படியே துடைத்துவிட்டால் கழுவிய மாதிரிதானே?

மழை மண்ணைப் பாதிதான் இறக்கும். சாலையிலிருந்து தெறித்த சேறு கூடவே ஏறியிருக்கும். அதன் மேல் துணியை இழுப்பது, தினமும் துடைப்பது பற்றிய பதிலில் சொன்னதேதான். மழை விட்டதும் ஹோஸால் அலசிவிட்டு ஒற்றினால் நல்லது. அழுக்குக் கார் மேல் கவர் போடுவதும் இதே கணக்கில்தான் வரும். காற்றில் கவர் ஆட ஆட, உள்ளே மண் உரசிக்கொண்டே இருக்கும்.

பறவை எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. சுரண்டலாமா?

சுரண்டாதீர்கள். அதில் அமிலமும் இருக்கும், சிறு விதைகளும் மணலும் இருக்கும். ஈரமான மைக்ரோஃபைபர் துணியை அதன் மேல் போட்டு ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். இளகியதும் துணியோடு சேர்த்துக் கிள்ளுவது மாதிரி தூக்கி எடுங்கள். வழித்துத் தேய்க்க வேண்டாம். வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடும். ஒரு தண்ணீர் பாட்டிலும் சின்னத் துணியும் டிக்கியில் இருக்கட்டும்.

டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்தால் நல்ல பளபளப்பு வருகிறதே?

எண்ணெய்ப் படலம் கோடுகளுக்குள் போய் நிரம்புவதால் மறைந்த மாதிரி இருக்கும். அடுத்த நாளே அதில் தூசி ஒட்டும். வேக்ஸையும் கரைக்கும், ரப்பருக்கும் கெடுதல். வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணியை எப்படித் துவைப்பது?

பருத்தித் துணிகளோடு சேர்க்காமல் தனியாக, லிக்விட் டிடர்ஜென்ட் போட்டு. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், அது இழைகளில் படிந்து உறிஞ்சும் சக்தியைக் குறைக்கும். அதிகச் சூட்டில் இழை உருகி முரடாகும் என்பதால் நிழலில் காயவையுங்கள். ஓரத்தில் லேபிள் தைத்திருந்தால் வெட்டிவிடுங்கள். தரையில் விழுந்த துணிக்கு அன்று விடுமுறை. துவைத்த பிறகுதான் காரின் பக்கம் வரலாம்.

செராமிக் கோட்டிங் போட்டாயிற்று. இனி எப்படி வேண்டுமானாலும் கழுவலாம்தானே?

கூடாது. கோட்டிங் மிக மெல்லியது. அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், ரசாயனத்தைத் தாங்கும், தண்ணீரை உருட்டி ஓடவிடும். கீறலே விழாத கவசம் அல்ல. அதன் உண்மையான லாபம், முதல் அலசலிலேயே நிறைய மண் போய்விடுவதுதான். போட்ட புதிதில், பொதுவாக ஒரு வாரம், ஷாம்பு படக்கூடாது என்பார்கள். போட்டவர் சொல்லும் நாள்கணக்கைப் பின்பற்றுங்கள். பிபிஎஃப் என்னும் பாதுகாப்பு ஃபிலிம் நிஜமாகவே கீறலைத் தாங்கும், ஆனால் அதன் ஓரங்களில் பிரஷர் வாஷரைக் காட்டாதீர்கள்.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட், அல்லது புதிதாகப் பெயின்ட் அடித்த பம்பர். இவற்றுக்கும் இதே முறையா?

முறை இதேதான், கவனம்தான் கூடுதல். மேட் பெயின்ட்டில் வேக்ஸ், பாலிஷ், பளபளப்புத் தரும் ஷாம்பு எதுவும் கூடாது. ஓர் இடத்தை அழுத்தித் தேய்த்தால் அங்கே மட்டும் மினுமினுப்பு ஏறும். அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை. அதனால் அதற்கென்று உள்ள ஷாம்பு, நிறைய அலசல், லேசான கை.

புதிதாக அடித்த பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். முதல் சில வாரங்களுக்கு மெஷின் வாஷும் பிரஷர் வாஷரும் வேண்டாம். வேக்ஸுக்கு 30 முதல் 90 நாள் வரை பொறுக்கச் சொல்வது வழக்கம்; அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாகக் கழுவியும் கையை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கிறது. இன்னும் அழுத்தித் தேய்க்கவா?

வேண்டாம். பெயின்ட்டில் பதிந்துவிட்ட இரும்புத்தூளும் தாரும் பிசினும் அது. இரும்புத்தூளுக்கென்று உள்ள ஸ்ப்ரேயை அடித்தால் ஊதா நிறமாக மாறி வழியும். சொன்ன நேரத்தில் அலசிவிடுங்கள். மீதிக்கு கிளே பார் (பதிந்த துகளை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி), நிறைய வழுக்குத் திரவத்தோடு. கிளே தானே மெல்லிய கோடு போடக்கூடியது என்பதால், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல், அல்லது பாலிஷ் போடும் எண்ணம் இல்லாதபோது, எடுக்காமல் இருப்பதே நல்லது.

பாலிஷ் போட்டால் கோடெல்லாம் போய்விடும்தானே? அப்புறம் ஏன் இவ்வளவு கவனம்?

போகும். ஆனால் கோடு நிரம்புவதில்லை. கோட்டின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவிச் சமமாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரானோ, அதற்கு மேலோ போய்விடும். இருப்பது முதல் பதிலில் சொன்ன 35 முதல் 50 மைக்ரான். அதையும் முழுக்கத் தேய்த்துவிட முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தப் பூச்சுதான். ரொம்பவும் மெலிந்தால் நிறம் வெளுத்து, மேல்பூச்சு தோல் உரிவது போலக் கிளம்பும். அப்புறம் மறுபெயின்ட்தான்.

பாலிஷுக்குக் கொடுக்கும் முன், பெயின்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மீட்டர் எல்லாப் பூச்சுகளின் மொத்தக் கனத்தைத்தான் காட்டும் என்றாலும், எங்கே ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, எங்கே மறுபெயின்ட் அடித்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு பகுதியின் அளவையும் குறித்து வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த பாலிஷின்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.